வெயிலைத் தவிர என்ன விளையுது?
அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையின் பலகாரங்களும் திருவிழாக்களும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



முதலாம் ஆண்டு சேர்ந்த புதிது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் அறைத் தோழன், பேருந்து சன்னல் வழியே பொட்டலையும் சீமைக்கருவேலங் காட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, உங்க ஊர்ல வெயிலத் தவிர வேற என்னடா வெளையுது?" என்று கேட்டான். பேருந்தே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பிறந்தது திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். ஆனாலும் அவனுக்குச் சொல்ல என் வாயில் ஒரு பதிலும் வரவில்லை என்பதுதான் உண்மை.

அந்த வெட்கம் என்னை விடவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பத்தாவிடமும், மிட்டாய்க் கடை மாஸ்டரிடமும், பனையேறும் பெரியவரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டே திரிந்தேன். மூன்று வருடம் கழித்து, கடைசி செமஸ்டரில்தான் பதில் சொல்லத் தேறியிருக்கிறேன். அரியர் பேப்பரை இப்போதுதான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

தண்ணீரை விரட்டும் கலை

முதலில் பூமியைப் பற்றி நாலு வரி. 1985 வரை நாம் இராமநாதபுரம் மாவட்டம். அந்த ஆண்டில் பிரிந்து காமராஜர் மாவட்டம் ஆனோம். 1997 முதல் விருதுநகர் மாவட்டம். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்தால்தான் உண்டு. காவிரி மாதிரி வற்றாத கால்வாய் நமக்குக் கிடையாது. குண்டாறு இருக்கிறது, ஆனால் அதில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஊரே கரைக்குப் போகும். கண்மாய், ஊருணி, மானாவாரிக் கரிசல், இதுதான் நம் சொத்து.

இப்படிப்பட்ட ஊரில் பலகாரம் எப்படி இருக்கும்? கடைவீதியில் வரிசையாகப் பாருங்கள். கருப்பட்டி, கருப்பட்டி மிட்டாய், காரச்சேவு. கொஞ்சம் தள்ளிப் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய். பால்கோவாவுக்கு 2019-லும் கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. எல்லாமே தண்ணீரை விரட்டிச் செய்தவை! பதநீரிலிருந்து தண்ணீரை விரட்டினால் கருப்பட்டி. பாலிலிருந்து விரட்டினால் பால்கோவா. மாவிலிருந்து விரட்டினால் சேவு.

காரணம் எளிது. பண்டத்தைக் கெடுக்கிற நுண்ணுயிர்களுக்கு வாழ்வதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டாலோ, நிறையச் சர்க்கரை சேர்த்து அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டாலோ அவற்றின் பாடு திண்டாட்டம். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், சித்திரை வெயிலில், நாள்கணக்கில் கெடாமல் இருக்க இதைவிட வேறு வழி ஏது? மழை பெய்யாத வருடத்துக்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எத்தனை கிலோ விறகு?

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். மழை தவறினாலும் தவறாமல் கொடுக்கிற மரமும் அதுதான். பருவம் ஏறக்குறைய மாசி, பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரை. பனையேறுகிறவர் காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும். சுண்ணாம்பு இருந்தால் நொதிக்காது, பதநீர். இல்லாவிட்டால் அதே சாறு புளித்துக் கள். ஒரு விரல் சுண்ணாம்பு செய்கிற வேலையைப் பாருங்கள்!

பதநீரில் சர்க்கரை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. நம் தெர்மல் பாடத்தை வைத்து இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

10 கிலோ பதநீர், 1 கிலோ கருப்பட்டி. ஆக 9 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற ஏறக்குறைய 2,900 கிலோஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் என்பது நமக்கு மனப்பாடம். 9 கிலோவுக்கு ஏறக்குறைய 20,300. இரண்டும் சேர்ந்து சுமார் 23,200 கிலோஜூல். காய்ந்த விறகு கிலோவுக்கு 15,000 கிலோஜூல் தரும் என்று வைத்தாலும், மண் அடுப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் கொப்பரைக்குப் போய்ச் சேரும், அதாவது 3,000. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 8 கிலோ விறகு!

ஒரு கிலோ கருப்பட்டிக்குள்ளே எட்டுக் கிலோ விறகும், இத்தனை ஏற்ற இறக்கமும் ஒளிந்திருக்கின்றன. இப்போது ஒரு விஷயம் தானாகப் புரியும். வெல்லப்பாகிலோ வெள்ளைச் சர்க்கரையிலோ பாதியைக் கலந்துவிட்டால் பதநீர் பாதி போதும், விறகு பாதி போதும், மரம் ஏறுவதும் பாதி போதும். கலப்படம் ஏன் வருகிறது என்பதற்கு வேதாந்தம் வேண்டாம், இந்தக் கணக்கே போதும். சீனி விலையை ஒட்டி ஒருவர் கருப்பட்டி விற்றால், அதில் பனை எவ்வளவு இருக்கும் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

மிட்டாய்க்குள் பாகு போன வழி

நம் பக்கத்துக் கருப்பட்டி மிட்டாயைச் சாப்பிடாதவர் இந்த விடுதியில் இருந்தால் அவருக்காக நான் வருந்துகிறேன். சில ஊர்களில் சீரணி என்பார்கள். சீனிப்பாகில் போட்டால் சீனி மிட்டாய். பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த மாவைத் துணியில் வைத்து, நடு ஓட்டை வழியே காய்ந்த எண்ணெயில் சுற்றிச் சுற்றிப் பிழிவார்கள். வெந்து வந்ததும் அப்படியே பாகில் முக்கி எடுப்பார்கள்.

மேலே மொறுமொறுப்பாக இருக்கிறது, கடித்தால் உள்ளே பாகு வடிகிறது. பாகு எப்படி உள்ளே போனது? ஊசி போட்டு ஏற்றினார்களா? நான் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன்! நடப்பது இதுதான். எண்ணெயில் இருக்கும்போது மாவுக்குள் இருக்கும் ஈரம் நீராவியாகி, உள்ளே கூடுகூடாக இடத்தை உண்டாக்குகிறது. சூடு ஆறுவதற்குள் எண்ணெயைவிடச் சூடு குறைந்த பாகில் போடுகிறார்கள். உள்ளே இருந்த நீராவி குளிர்ந்து சுருங்குகிறது, அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் பாகை மிட்டாய் உறிஞ்சிக்கொள்கிறது. கடை மாஸ்டரிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, ஆறவிட்டுப் போட்டா குடிக்காது, அம்புட்டுத்தான்" என்றார். நான் இரண்டு பத்தியில் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சாத்தூர் காரச்சேவு வேறு ரகம். கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய் வற்றல், பூண்டு. துளை போட்ட பெரிய கரண்டியைக் கொப்பரைக்கு மேலே பிடித்து, மாவை உள்ளங்கையால் தேய்த்து இறக்க வேண்டும். நாம் ஒர்க்ஷாப்பில் படிக்கிற எக்ஸ்ட்ரூஷன்தான்! ஆனால் அங்கே அழுத்தம் கொடுப்பது ஹைட்ராலிக் பிரஸ் இல்லை, ஓர் ஆளின் தோள்பட்டை. வைப்பாற்றுத் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று சாத்தூர்க்காரர்கள் சொல்வார்கள். கரிசல் மிளகாயும் காரணம் என்பது என் கட்சி.

தண்ணீரைக் கூப்பிடும் கலை

பலகாரம் தண்ணீரை விரட்டுகிறது என்றேன். திருவிழா என்ன செய்கிறது? அதே தண்ணீரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிடுகிறது.

முளைப்பாரியை எடுத்துக்கொள்வோம். காப்புக் கட்டியதும் வீட்டுக்கொரு சட்டியில் வைக்கோல், கண்மாய் மண், சாணத்தூள் போட்டு, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று விதைப்பார்கள். எல்லாச் சட்டியையும் வெளிச்சம் புகாத ஓர் இடத்தில் வைத்து, விரதம் இருக்கிற ஒருவர் தினமும் தண்ணீர் தெளிப்பார். இரவானால் கும்மி. எட்டுப் பத்து நாள் கழித்துப் பெண்கள் தலையில் சுமந்து வருவார்கள். பயிர் முழங்கை உயரம், வெளிர் மஞ்சள் நிறம். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உண்டாகவில்லை. வெளிச்சத்தைத் தேடித் தண்டு மட்டும் நீண்டுவிட்டது. கடைசியில் கண்மாயிலோ ஊருணியிலோ கரைத்துவிடுவார்கள்.

"இது எதுக்கு அப்பத்தா?" என்று கேட்டேன். "ஆத்தாவுக்குத்தான்" என்று சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "யாரு வீட்டு வெதை நல்லா வருதுன்னும் தெரிஞ்சு போகும்ல" என்றார். எனக்குச் சட்டென்று ஒரு வெளிச்சம்! பல கிராமங்களில் இது ஆடியில் நடக்கிறது. மானாவாரி விதைப்போ புரட்டாசியில். நூறு விதையில் எத்தனை முளைக்கிறது என்று விதைப் பரிசோதனைக் கூடத்தில் எண்ணிப் பார்க்கிறார்களே, அதை ஊரே சேர்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டு செய்வது மாதிரி இல்லையா? எல்லா ஊரிலும் ஆடியில்தான் எடுக்கிறார்கள் என்பதில்லை, பங்குனியிலும் உண்டு. ஆனால் கையில் இருக்கிற தானியத்தைத் தெய்வத்தின் முன்னால் முளைக்க வைத்துப் பார்க்கிற அந்த மனது, மழையை நம்பி விதைக்கிறவனின் மனதுதான்.

சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சேருகிற இடத்தில் இருக்கிறது. ஆடிக் கடைசி வெள்ளியன்று எங்கெங்கிருந்தோ நடந்தே வருவார்கள். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். கொளுத்துகிற வெயிலில் கையில் அக்கினிச்சட்டி! ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு ஆடிப்பூரத் தேர். பெரும்பாலான விழாக்கள் வெயில் உச்சியில் இருக்கும்போதோ, அடைமழைக்கு முன்னாலோதான் வருகின்றன. விளைச்சல் கைக்கு வரும் தைப்பொங்கல் மட்டும் நன்றி சொல்லும் விழா. ஆவாரம்பூ, வேப்பிலை, சிறுபீளை சேர்த்துக் காப்புக் கட்டி, பனங்கிழங்கு அவித்துத் தின்று கொண்டாடுவோம். குதிரைவாலிக்கும் கம்புக்கும் அந்த நாளில் ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளில் குதிரைவாலி பாக்கெட்டில் கிடைக்கிறது. அப்பத்தாவுக்கு இது ஒரே சிரிப்பு. "அரிசிச் சோறு கெடைக்காதவக தின்னது, இப்ப அரிசிய விட வெல கூடவாம்ல!"

வெள்ளம் வடிந்த ஊர்

திருச்சுழிக்கு வருவோம். திருமேனிநாதர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். ஊர்ப் பெயருக்குச் சொல்லும் தலபுராணம் விசித்திரமானது. பிரளய வெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளையிட்டாராம். வெள்ளம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியதாம். அந்தச் சுழிதான் திருச்சுழி. வறண்ட பூமிக்கு நடுவே, வெள்ளத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஓர் ஊர்! "நம்ம தண்ணியெல்லாம் அன்னைக்கே உள்ள போயிருச்சு, அதான் இன்னைக்கு வரைக்கும் போர் போட்டுத் தேடுறோம்" என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இங்கே மார்கழித் திருவாதிரை விசேஷம். 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசனச் சமயத்தில் இந்த ஊரில் வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் காக்கப்படுகிறது. திருவாதிரைக்குக் களி. அரிசியை வறுத்து, ரவையாக உடைத்து, பாசிப்பருப்போடு வெல்லத்தில் வேகவைப்பது. ஈரத்தை முதலில் விரட்டி, பிறகு வேண்டிய அளவு மட்டும் திரும்பச் சேர்ப்பதால்தான் அது குழையாமல் உதிரியாக நிற்கிறது.

விற்பதும் கொடுப்பதும்

இவ்வளவும் எழுதிய பிறகுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. நம் ஊரில் காசுக்கு விற்கும் பண்டமெல்லாம் உலர்ந்தது. சும்மா கொடுப்பதெல்லாம் ஈரமானது! பங்குனி, சித்திரையில் நீர்மோர்ப் பந்தல், பானகம். ஆடியில் கேப்பைக் கூழ், கம்மங்கூழ். அருப்புக்கோட்டையில் ரம்ஜான் மாதம் சாயங்காலமானால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி. தூக்குவாளியோடு போகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. எது அரிதோ அதைத்தான் விலையில்லாமல் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி இருக்கிறது.

பனையேறும் பெரியவரும் அப்படித்தான். போன வருடம் போனபோது பச்சைப் பனையோலையைப் பட்டையாக மடித்துப் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். காசு நீட்டினேன். "குடிக்கிறதுக்கு வாங்குறதில்லப்பா. கருப்பட்டி வேணும்னா காசு கொடு" என்றார். அவரிடம் என் எட்டுக் கிலோ விறகுக் கணக்கைக் காட்டினேன். நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதான். ஏறுற ஆளுக்குத்தான் இதுல எடம் காணோம்" என்று திருப்பிக் கொடுத்தார். நான் தலைகுனிந்துவிட்டேன். அடுப்பு, விறகு, பதநீர் எல்லாவற்றுக்கும் எண் போட்டவன், தினம் இரண்டு வேளை மரம் ஏறுகிற அவருடைய காலுக்கு எண் போடவில்லை.

அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். இந்த வருடம் முழங்கால் வலியால் பெரியவரும் ஏறவில்லை. மரங்கள் நிற்கின்றன, பாளை சீவ ஆள் இல்லை. 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவித்தார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். நல்லதுதான். மரத்தைக் காக்க உத்தரவு போடலாம். மரம் ஏறத் தெரிந்த காலுக்கும், பதம் பார்க்கத் தெரிந்த கைக்கும் எந்த உத்தரவு போட முடியும்?

நண்பர்களே, இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. கடைசி ஆண்டு புராஜெக்ட் என்று ஒவ்வொரு வருடமும் செய்ததையே திரும்பச் செய்கிறோம். ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தை மட்டும் பயன்படுத்தும் அடுப்பை ஐந்தில் இரண்டு பங்காக மாற்ற ஒரு டிப்ளமோ மாணவனால் முடியாதா? எட்டுக் கிலோ விறகு நாலு கிலோவாகுமே! பாதுகாப்பாக மரம் ஏற ஒரு நல்ல கருவி செய்ய முடியாதா? முடியும் என்றே நான் நம்புகிறேன். நானும் என் குழுவும் அடுப்பு வரைபடத்தில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறோம்.

கடைசியாக, தஞ்சாவூர்த் தோழனுக்கு ஒரு வார்த்தை. மாப்ள, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். எங்க ஊர்ல வெயில்தான்டா வெளையுது. அந்த வெயிலை வச்சுத்தான் இத்தனையும் செய்யிறோம். வர்ற ஆடியில எங்க ஊர்ல முளைப்பாரி. பரீட்சை முடிஞ்சிருக்கும். கண்டிப்பா வா. அப்பத்தா உன்னைப் பாக்கணும்னு சொல்லுச்சு. கூழுக்குக் காசு கிடையாது. கருப்பட்டி மிட்டாய் மட்டும் உன் செலவு!